அம்மாகிட்ட கேட்டீங்களா?

'கிளினிக்கல் டிரையல்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, பாவம்... ஒரு எலி! அப்புறம், 'நம்ம ஜனங்களை வெச்சு வெளிநாட்டுக்காரன் மருந்தை டெஸ்ட் பண்றான்' என்கிற டீக்கடை டயலாக். ரெண்டும் முழுப்பொய் இல்லை. ஆனா, ரெண்டும் முழுக்கதையும் இல்லை நண்பர்களே.

முழுக்கதை தெரியணும்னா, தேனியில் பஸ் ஏறி பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக திண்டுக்கல் பக்கம் போகணும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்கே உள்ள கிறிஸ்துவ ஃபெலோஷிப் மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல் ஒரு வேலையைத் தொடங்கின. ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்கள் யார் தெரியுமா? 30 முதல் 59 வயது வரையுள்ள நம்ம ஊர் அம்மாக்கள். ஒருவர், இருவர் அல்ல... 80 ஆயிரம் பேர்!

எதற்காக? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக. ஹெச்.பி.வி. என்கிற வைரஸ்தான் இதற்குக் காரணம். தொற்றின பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி, மெதுவாக, பத்து பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டு புற்றுநோயாக மாறும். அந்த இடைப்பட்ட காலத்தில் வலி கிடையாது, அறிகுறி கிடையாது. ஆனால், அப்போதே கண்டுபிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையிலேயே முடிந்துவிடும். அதாவது, காலம் நம்ம பக்கம். பார்க்கத்தான் ஆள் இல்லை!

பணக்கார நாடுகளில் 'பாப் ஸ்மியர்' என்ற பரிசோதனை செய்து இந்த நோயை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு லேப் வேண்டும், ஸ்லைடு பார்த்துச் சொல்ல நிபுணர் வேண்டும், ரிசல்ட் வாங்க இன்னொரு நாள் வரவேண்டும். இந்த 'இன்னொரு நாள்' இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். விடியற்காலையில் கம்பம், தேவாரம், போடி பக்கம் நின்று பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஆளுக்கொரு திசை. அவர்களிடம் போய், 'இன்னிக்கு டெஸ்ட், அடுத்த வாரம் ரிசல்ட், அதுக்கடுத்த வாரம் சிகிச்சை' என்றால்? மூன்று நாள் கூலி காலி. முதல் நாளே வரமாட்டார்கள்.

அம்பிளிக்கையில் எடுத்துக்கொண்ட வழி ரொம்ப எளிமையானது. நாம் வினிகர் என்று சொல்கிறோமே, அதில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிஷம் பொறுத்து வெறும் கண்ணால் பார்ப்பார்கள். சந்தேகமான திசு இருந்தால் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துவிடலாம்.

'அட, அப்ப உடனே எல்லாருக்கும் பண்ணிட வேண்டியதுதானே?'

அவசரப்படாதீங்க! வெள்ளையாகத் தெரிவது ஒரு விஷயம். அதைப் பார்ப்பதால் உயிர் பிழைக்கிறார்களா என்பது வேறு விஷயம். மருத்துவத்தில் 'நல்லா இருக்கும்போல தெரியுது' என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதற்காக கிராமங்களை 114 தொகுப்புகளாகப் பிரித்தார்கள். குலுக்கல் முறையில் 57 தொகுப்புகளில் பரிசோதனை. மீதி 57-ல் அதுவரை கிடைத்துவந்த வழக்கமான மருத்துவ வசதி மட்டும். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, பஞ்சாயத்து தலைவரும் முடிவு செய்யவில்லை. அதிர்ஷ்டம்தான் முடிவு செய்தது. இல்லாவிட்டால் படித்தவர்கள், வசதியானவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் பலன் பரிசோதனையால் வந்ததா, வசதியால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பேப்பர், பேனா எடுங்க. பரிசோதனை ஊர்களில் இருந்த பெண்கள் 49,311 பேர். அவர்களில் வந்து பார்த்துக்கொண்டவர்கள் 31,343 பேர். 3,088 பேருக்கு வெள்ளை தெரிந்தது. அத்தனை பேருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 'இன்னும் கொஞ்சம் நல்லா பார்க்கணும்' என்றுதான் அர்த்தம். மேற்கொண்டு பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சை போன்றவை செய்தார்கள். இந்த ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 83 பேர். பரிசோதனை இல்லாத ஊர்களில் பெண்கள் 30,958 பேர்தான். இறந்தவர்கள் 92 பேர். ஆள் குறைவு, சாவு அதிகம்! வயது போன்ற வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, பரிசோதனை ஊர்களில் நோய் 25 சதவிகிதமும், சாவு 35 சதவிகிதமும் குறைந்திருந்தது.

இதில் ஒரு நேர்மையைக் கவனியுங்கள். பரிசோதனை ஊர்களில் கிட்டத்தட்ட 18 ஆயிரம் பேர் வரவே இல்லை. அவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 'வந்தவங்களை மட்டும் எண்ணுவோம்' என்று பாஸ் மார்க்கை ஏற்றிக்கொள்ளவில்லை.

சரி, இப்போ உறுத்தலான கேள்வி. அந்த 92 பேர்? அவர்கள் ஊருக்கும் நர்ஸ் போயிருந்தால் சிலராவது இருந்திருப்பார்களே? இந்தியாவில் நடந்த இதுபோன்ற ஆய்வுகள் பற்றி பின்னாளில் இதே கேள்வியை வைத்து பெரிய விவாதமே நடந்தது. அப்போது நாட்டில் எங்குமே முறையான பரிசோதனைத் திட்டம் இல்லை. இந்த முறை உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை என்பது ஒரு தரப்பு. பணக்கார நாட்டில் பரிசோதனை இல்லாத ஒரு குழுவை இப்படி வைத்திருப்பீர்களா என்பது எதிர்த்தரப்பு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒன்று நிச்சயம். அந்தப் பெண்கள் கொடுத்த விடையை நாம் பயன்படுத்தாமல் விட்டால், அதுதான் பெரிய அநியாயம்.

பயன்படுத்தினார்களா? ஆமாம். லான்செட்டில் முடிவு வந்த அதே 2007-ல், தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது இரண்டே மாவட்டங்களில். ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று... நம்ம தேனி! அதே வினிகர் முறைதான், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. இன்றைக்கும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். வசதி உள்ள இடங்களில் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையே மேல் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அது வரட்டும். வரும்வரை இருப்பதை விடலாமா?

அம்பிளிக்கை கதை இத்தோடு முடியவில்லை. 2009 செப்டம்பரில் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு ஒன்று இந்தியாவில் ஒன்பது இடங்களில் தொடங்கியது. அம்பிளிக்கையும் அதில் ஒன்று. மூன்று டோஸ் வேண்டுமா, இரண்டு போதுமா என்பது கேள்வி. அதே நேரத்தில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் வேறொரு தடுப்பூசித் திட்டம் நடந்தது. அதில் சில சிறுமிகள் இறந்துபோக, நாடே கொதித்தது. சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால், பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அம்பலமானது. ஹாஸ்டல்வாசிகளே, உங்களுக்காக வார்டன் கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்கும்?

2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. அம்பிளிக்கை பங்கெடுத்த ஆய்விலும் ஊசி போடுவது பாதியில் நின்றது. 4,950 பெண்களுக்கு ஒரே ஒரு டோஸோடு சரி. 'போச்சு' என்று ஃபைலை மூடாமல் ஆராய்ச்சியாளர்கள் அவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-ல் விடை வந்தது. ஒரு டோஸே, முக்கியமான இரண்டு வைரஸ் வகைகளின் நீடித்த தொற்றை 95 சதவிகிதம் தடுக்கிறது! இரண்டு, மூன்று டோஸ் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். வேறு நாட்டு ஆய்வுகளும் இதையே சொல்ல, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை டோஸும் போதும் என்று ஏற்றுக்கொண்டது.

ஆக, நாளைக்கு உங்க முன்னாடி ஒரு ஒப்புதல் படிவத்தை யாராவது நீட்டினால், பயந்து ஓடவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்தும் வேண்டாம். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்? எதோடு எதை ஒப்பிடுகிறீர்கள்? எனக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? பாதியில் விலகலாமா? இந்த நாலையும் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை. விலகுவது உங்கள் உரிமை. இந்திய கிளினிக்கல் டிரையல் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம்.

அதெல்லாம் பிறகு. முதலில், இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? உங்க அம்மாவுக்கு நாற்பது, ஐம்பது வயசு இருக்கும். 'அம்மா, அந்த டெஸ்ட் பண்ணியிருக்கியா?' என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். பெண்கள் நேராகக் கேட்டுவிடலாம். பசங்களா, உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் அக்காவிடமோ சித்தியிடமோ சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்று அம்மா சொல்வார். 'நல்லா இருக்கும்போதே பார்க்கறதுக்குத்தாம்மா இந்த டெஸ்ட்' என்று சொல்லி, கூடவே ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வாங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்!