கணக்கு வழிக்கு வேலியா?

வாய்பாட்டிற்கு உரிமையாளர் உண்டா? பெருக்கற் கணக்கிடும் மாணவன் எவருக்கேனும் கட்டணம் செலுத்துகின்றானா? இல்லை. ஆயின், கணிப்பொறி உலகில் கணக்கு வழிகளுக்கும் காப்புரிமை என்னும் வேலி இடப்படுகின்றது.

லெம்பல், சிவ், வெல்ச் ஆகிய மூவர் பெயரால் வழங்கும் சுருக்க முறை, மீண்டும் மீண்டும் வரும் தொடர்களுக்குக் குறியெண் இட்டு இடத்தை மிச்சப்படுத்துவது. அது 1984இல் ஆய்விதழில் வெளிவந்தது. 1987இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் அதனைக் கொண்டு கிஃப் பட வடிவத்தை அமைத்தது. உலகமே அதனைக் கையாளத் தொடங்கிய பின்னர், 1994 இறுதியில், உரிமக் கட்டணக் கோரிக்கை எழுந்தது. ஸ்பெர்ரி நிறுவனம் 1985இலேயே அம்முறைக்குப் பெற்றிருந்த அமெரிக்கக் காப்புரிமை, யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்ததாம்! தாமே வரிக்கு வரி நிரல் எழுதியவரும் உரிமமின்றி அதனை விற்க இயலாதவராயினர். 2003இல் அக்காப்புரிமை முடிவுறும்வரை இந்நிலை நீடித்தது.

காப்புரிமை இல்லையேல் ஆக்கம் குன்றும் என்பார் உளர். அது பொருந்தாக் கூற்று. கட்டணமற்ற பிஎன்ஜி வடிவத்தைத் தன்னார்வலர் கூடி 1996இல் ஆக்கி அளித்தனரே! நிரலாளரின் உழைப்பைக் காக்கப் பதிப்புரிமைச் சட்டம் உண்டு. பிறர் இயற்றிய வெண்பாவைத் திருடுதல் குற்றம். வெண்பா யாப்பில் வேறொருவர் பாடுவதும் குற்றமாகுமோ?

இவ்வேறுபாட்டை வற்புறுத்தியோரின் குரல் வீண்போகவில்லை. கணிப்பொறிவழிப் புத்தாக்கங்களுக்கான காப்புரிமை நெறியாணையை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 சூலை 6ஆம் நாள் புறந்தள்ளியது. எதிர்த்தோர் 648 பேர். ஆதரித்தோர் 14 பேரே.

எண் எவருக்கும் தனியுடைமை அன்று. அதற்கு வேலியிடும் சட்டம் எந்நாட்டில் எழினும், கற்றோர் அதனை எதிர்த்தல் கடன்.