நாற்று காத்திருக்காது!

98 என்பது நான் எந்தப் பரீட்சையிலும் வாங்காத மார்க். அதற்குத் தண்டனையோ என்னவோ, இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த எண்ணோடுதான் மாரடிக்கிறேன். நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் குழித்தட்டில் 98 குழிகள். குழிக்கு ஒரு விதை. "ஏம்ப்பா, 100-ஆ வெச்சா கணக்குக்கு ஈஸியா இருக்குமே?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"ரெண்டை பி.எஃப்.ல பிடிச்சுட்டாங்க" என்றார்.

வாரத்தில் ஆறு நாள் திண்டுக்கல்லில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்தால் ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் இரண்டு ஏக்கர். தக்காளிதான் பிரதானம். தக்காளி எங்களை வாழவைத்த வருஷமும் உண்டு, ஆட்டை வாழவைத்த வருஷமும் உண்டு. 14 கிலோ பெட்டி 70 ரூபாய்க்கு இறங்கிய வருஷம், பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அப்பா பறிக்காமலே விட்டுவிட்டார். பக்கத்து வீட்டு ஆடுகள் தினமும் விருந்து சாப்பிட்டன. அம்மாவின் சங்கிலியும் இரண்டு வளையலும் நகைக்கடனுக்குப் போயின.

அப்போதுதான் அப்பாவுக்கு இந்த யோசனை வந்தது. "காய் விக்கிறவனுக்கு மார்க்கெட்காரன் விலை சொல்றான். நாத்து விக்கிறவன் விலையை அவனே சொல்றான். நாம கொஞ்ச நாள் விலை சொல்லிப் பார்ப்போமே!"

ஆடிப் பட்டத்துக்கு முன்னால் ஆரம்பித்தோம். வீரிய ஒட்டு விதையின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். தங்கம் மாதிரி கிராமில்தான் பேச்சு. பத்து கிராம் பாக்கெட்டில் சுமார் மூவாயிரம் விதை. அதனால்தான் பல விவசாயிகள் சொந்தமாக நாற்று விட்டுப் பாதியை அழுகக் கொடுப்பதைவிட, வளர்ந்த நாற்றையே வாங்கிவிடுகிறார்கள். மண்ணே கிடையாது. மக்கிய தென்னை நார்க்கழிவு, தட்டுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. விதை போட்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். ஐந்தாறு நாளில் முளை எட்டிப் பார்த்ததும் பிரித்து நிழல்வலைக்குள் பரப்பி, பூவாளியில் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் வாடும். அதிகமானால் தண்டு அழுகி, காலையில் வரிசையாகப் படுத்துக் கிடக்கும், மாதக் கடைசியில் எங்கள் ஆபீஸ் மாதிரி.

ஆபீசில் விஷயம் பரவியது. மானேஜர் மொட்டை மாடித் தொட்டிக்கு ஆறு மிளகாய் நாற்று கேட்டார். இலவசம்தான், வேறு வழி? அடுத்த வாரமே கூப்பிட்டார். "என்னய்யா, இன்னும் காய்க்கலையே?"

"சார், புரொபேஷன் முடியட்டும் சார்" என்றேன்.

இதுவரை சிரிப்பு. இனிமேல் கணக்கு.

தக்காளி நாற்றுக்கு 25 நாள். கத்திரிக்கு ஒரு மாதத்துக்கு மேல். மிளகாய் நாற்பது நாள் வரை உட்கார்ந்திருக்கும். தக்காளிக்கு அந்தப் பொறுமை இல்லை. 100 தட்டு தக்காளி விட்டிருந்தோம். நாற்று 80 பைசா. அந்த ஆடியில் காற்று வந்தது, மழை வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தவர்கள் 70 தட்டு எடுத்துப் போனார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வரவே இல்லை. 30 தட்டு அப்படியே நின்றது. முப்பதாம் நாள், முப்பத்தைந்தாம் நாள்... நாற்று ஒல்லியாக, உயரமாக, கல்யாணமாகாத என் நண்பர்கள் மாதிரி வளர்ந்துகொண்டே போனது. சிலது தட்டிலேயே மொட்டு விட்டது.

நாற்பதாம் நாள் மழை பெய்தது. மறுநாள் காலையில் ஒருவர் டெம்போவோடு வந்தார். "ஏனுங்க, அத்தனையும் எடுத்துக்கிறேன். பாதி விலை போடுங்க."

நான் மனசுக்குள் கால்குலேட்டரைத் தட்டினேன். 2,940 நாற்று, 40 பைசா, 1,176 ரூபாய். நகைக்கடன் வட்டி கட்ட அந்த வாரம்தான் கெடு. சரி என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இது விக்கிறதுக்கில்லைங்க."

வந்தவருக்குக் கோபம். "காசு குடுத்துத்தானே கேக்கறேன்?"

அப்பா ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவிக் காட்டினார். வேர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பந்தாகியிருந்தது. "செடி நிக்குமுங்க, காய்ப்பு நிக்காது. ரெண்டு மாசம் தண்ணி விட்டு, மருந்தடிச்சு, அப்புறம்தான் உங்களுக்கே தெரியும். அன்னிக்கு நீங்க என்னைத் திட்டறது எனக்குக் கேக்காதுங்க. ஆனா திட்டுவீங்கல்ல?"

டெம்போ காலியாகத் திரும்பியது. 30 தட்டையும் குப்பைக் குழியில் தட்டச் சொன்னார். தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் பல்லைக் கடித்தேன். அந்த மாத வட்டி என் சம்பளத்திலிருந்து போனது. அப்பாவோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை.

டெம்போக்காரர் அப்புறம் வரவே இல்லை. ஆனால் போகிற வழியில் டீக்கடையில் அப்பாவைத் திட்டித் தீர்த்திருக்கிறார். "முத்துன நாத்தாம், குடுக்க மாட்டானாம், குப்பையில கொட்டறான் பைத்தியக்காரன்!" அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்த மூன்று பேர், தைப் பட்டத்துக்கு முன்பணத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். இப்போது அப்பா சட்டம் போட்டுவிட்டார். முன்பணம் வந்த பிறகுதான் விதை குழியில் விழும்.

வளையல் இரண்டும் திரும்பிவிட்டன. சங்கிலி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. "அடுத்த ஆடிக்குள்ள வந்துடும்" என்கிறார் அப்பா. அம்மா அதை நம்புகிறாள். அக்கவுண்ட்ஸ் படித்த நானும் நம்புகிறேன்.

மானேஜரின் மிளகாய் காய்த்துவிட்டது. ஒன்றே ஒன்று. அதைக் கடித்துப் பார்த்ததிலிருந்து என்னிடம் அவர் எதுவும் இலவசமாகக் கேட்பதில்லை.