12 வோல்ட்டுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க

சங்கரன்கோவில் பக்கம் உங்க தாத்தா வீட்டில் பழைய யெஸ்டி நிற்குதா? மைசூர் ஐடியல் ஜாவா தயாரிச்ச வண்டி. 1996-ல் அந்த ஃபேக்டரியே மூடியாச்சு. "லைட் மங்கலா இருக்கு, 6 வோல்ட்டை 12 ஆக்கிடலாம்"னு எல்லாரும் சொல்வாங்க. அவசரப்படாதீங்க என்பதுதான் என் கருத்து.

கணக்கைப் பாருங்க. 36 வாட் பல்பு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 3 போதும். துருப்பிடித்த ஜாயின்ட்டில் 0.2 ஓம் இருந்தால், 6 வோல்ட்டில் தோராயமா 1.2 வோல்ட் அங்கேயே போயிடும். அது ஐந்தில் ஒரு பங்கு. 12-ல் இழப்பு 0.6 வோல்ட், இருபதில் ஒரு பங்குதான். அப்போ துருவும் குற்றவாளிதானே? முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எர்த் வயரை இறுக்கிப் பாருங்க. செலவு பத்து ரூபாய்.

அப்புறமும் 12 வேணும்னா முழுசா மாத்துங்க. பேட்டரியும் பல்பும் மட்டும் மாத்தினா 6 வோல்ட் டைனமோ அதைச் சார்ஜ் பண்ணாது. ராத்திரி ராஜபாளையம் ரோட்டில் வண்டி நின்னுடும். டைனமோ, ரெகுலேட்டர், காயில், ஹார்ன் எல்லாம் சேர்ந்தே மாறணும்.

ஓம் விதி பரீட்சையோட முடியக் கூடாது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ மல்டிமீட்டரையும் எடுத்துட்டுப் போங்க.