எதை இழப்பென்று எண்ணுவது?

எஹலியகொடப் பக்கத்து இரத்தினக்கல் குழிகளில், 'இல்லம்' எனப்படும் சரளையைக் கூடையில் இட்டு நீரில் அரிப்பவரை எண்ணிப் பாருங்கள். "உள்ளதெல்லாம் வெறுங்கல்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆயினும் அப்படிப்பட்டவரை எவரும் குழியில் கூட்டுச் சேர்க்கமாட்டார்கள். தவறவிட்ட நீலக்கல்லும் வீணாகப் பொறுக்கிய கூழாங்கல்லும் சமமான இழப்புகள் அல்ல.

ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்துச் சிக்கலும் இதுவே. 2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் போசன், ஏறத்தாழ நூறு கோடி மோதல்களுக்கு ஒருமுறையே தோன்றுவது. அதைப் பிரித்தறிய நரம்பு வலையமைப்புகளைப் பயிற்றுகிறார்கள். எந்த வழுவுக்கு எவ்வளவு தண்டம் என்று விதிக்கும் சூத்திரமே இழப்புச் சார்பு. வலையமைப்பு அதைக் குறைக்கவே கற்கும்; வேறெதையும் கற்காது.

வழக்கமான சார்பு ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே சரியா, பிழையா என்று பார்க்கிறது. பௌதிகவியலாளருக்கு வேண்டியதோ, பின்னணியை மீறிக் குறிகை எவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்பது. 2014இல் அட்லஸ் குழு, கணினியில் உருவகித்த மோதல் தரவுகளைக் கொடுத்து நடத்திய போட்டியில் 1,785 அணிகள் கலந்துகொண்டன. புள்ளிகள் அந்த உறுதிக்கே வழங்கப்பட்டன. 2018இல் எல்வுட், குருக்கர் ஆகியோர் அந்த உறுதியையே இழப்புச் சார்பாக்கினர். அதே ஆண்டில் டி காஸ்ட்ரோவும் டோரிகோவும், அளவீட்டின் ஐயப்பாடுகளையும் கணக்கில் எடுக்கும் 'இன்ஃபெர்னோ' முறையை முன்வைத்தனர்.

இலங்கை 2017இல் சேர்னுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தக் கதவு சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைக்கும் திறக்குமா? தமிழ்மொழி மூல உயர்தரக் கணித, விஞ்ஞான வகுப்புகள் இங்கே அரிது. மாவட்டச் சராசரித் தேர்ச்சி வீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது உறுத்தாது. எண்ணிக்கையிற் சிறிய தோட்டப் பிள்ளைகள் தவறவிடப்பட்டாலும் சராசரி அசைவதில்லை. எல்லாம் வெறுங்கல் என்பவரின் கணக்கும் இத்தகையதே.

சராசரி இயற்கை விதித்த அளவுகோலன்று, மனிதர் தேர்ந்தெடுத்தது. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' என்று எழுதப்பட்ட மக்களுக்கு, அளவுகோலை விதிப்பவர் கையிலேயே விளைவு இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பெறுபேற்று அறிக்கைகளில் தோட்டப் பாடசாலைகளுக்குத் தனி நிரல் வேண்டும். கணிதம் கற்க விரும்பியும் வகுப்பில்லாமல் திரும்பிய பிள்ளைகளை ஆண்டுதோறும் எண்ணவேண்டும். எண்ணப்படாத இழப்பை எந்த இயந்திரமும் குறைப்பதில்லை. எந்தத் திணைக்களமும் குறைக்கப்போவதில்லை.