ஆங்கில விரல்களுக்கு ஜப்பான் கீபோர்டு

ஆங்கிலம் மட்டுமே டைப் செய்கிற ஒருவர், ஜப்பானிய எழுத்துகள் அச்சடித்த குட்டி மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை மேஜையில் வைத்திருக்கிறார். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "சும்மா பந்தாவுக்கு!" ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம் :-) ஆனால் பந்தாவைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், குட்டி கீபோர்டு வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட ஆங்கிலக்காரருக்கு, அமெரிக்க அமைப்பைவிட ஜப்பானிய அமைப்பே லாபம். கேட்க விநோதமாக இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குட்டி கீபோர்டு என்றால் என்ன? பெரிய கீபோர்டின் வலது பக்க எண் பகுதியை வெட்டி, மேலே உள்ள எஃப் 1 முதல் எஃப் 12 வரையிலான வரிசையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது. பல மாடல்களில் அம்புக்குறிகளும் போய்விடும். மேஜையில் இடம் மிச்சம், மவுஸ் கைக்குப் பக்கத்தில் வரும். விலையாகக் கொடுப்பது விசைகளை. காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் எஃப்என் விசையோடு இன்னொன்றைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஆக, குட்டி கீபோர்டு வைத்திருப்பவருக்கு எப்போதும் பற்றாக்குறை விசைகள்தான்.

ஜப்பானிய அமைப்பு கைகொடுப்பது இங்கேதான். அமெரிக்க முழு கீபோர்டில் 104 விசைகள், ஜப்பானிய முழு கீபோர்டில் 109. கூடுதலான அந்த ஐந்தும் எண் பகுதியில் இல்லை, எழுத்துப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்பேஸ் பாரைச் சின்னதாக்கி அதன் இரு பக்கமும் மூன்று, பேக்ஸ்பேஸைச் சின்னதாக்கி அதன் அருகில் ஒன்று (யென் குறி உள்ளது), வலது ஷிஃப்ட்டைச் சின்னதாக்கி அதன் அருகில் ஒன்று. கீபோர்டை எவ்வளவு வெட்டினாலும் இந்த ஐந்தும் தப்பித்துக்கொள்ளும்.

இதற்கு நல்ல உதாரணம் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எய்யிச்சி வாடாவின் யோசனையில், பிஎஃப்யூ நிறுவனம் 1996-ல் வெளியிட்டது. அதன் அமெரிக்க அமைப்பில் 60 விசைகள், அம்புக்குறி கிடையாது. 2008-ல் வந்த ஜப்பானிய அமைப்பிலோ 69 விசைகள், அம்புக்குறிகளும் உண்டு. இத்தனைக்கும் இரண்டின் அகலமும் ஒன்றுதான், 294 மில்லிமீட்டர். அதே இடத்தில் ஒன்பது விசைகள் அதிகம்! (இதன் விலை உயர்ந்த மாடல்களில் பல கறாராகச் சொன்னால் மெக்கானிக்கல் அல்ல, ரப்பரும் சுருள்கம்பியும் சேர்ந்த மின்தேக்கு விசைகள். அது மெக்கானிக்கலா இல்லையா என்பது ரசிகர்களின் முடியாத பட்டிமன்றம்.)

ஐந்து விசைகளில் மூன்று கட்டைவிரலுக்கு அருகில் இருப்பதுதான் பெரிய விஷயம். பத்து விரல்களில் பலமான இரண்டு கட்டைவிரல்கள். அவற்றுக்கு வழக்கமான கீபோர்டு கொடுத்திருக்கும் வேலை ஸ்பேஸ் தட்டுவது மட்டும். அதிலும் பெரும்பாலானோர் ஒரே கட்டைவிரலால்தான் தட்டுகிறார்கள். பழைய கீபோர்டைப் பார்த்தால் தெரியும், ஸ்பேஸ் பாரில் ஒரே இடம்தான் தேய்ந்து பளபளக்கும். எழுத்து விசையைப்போல் ஆறேகால் மடங்கு அகலமுள்ள பட்டையில் மீதி இடமெல்லாம் வீண். பலவீனமான சுண்டுவிரலுக்கோ ஷிஃப்ட், கன்ட்ரோல், என்டர், பேக்ஸ்பேஸ் என்று அத்தனை சுமை. எந்த அலுவலகத்திலாவது இப்படி வேலையைப் பிரித்துக் கொடுப்பார்களா?

ஜப்பானியர்கள் அந்த மூன்று விசைகளை வைத்தது கட்டைவிரல்மேல் இரக்கப்பட்டு அல்ல. ஒலியாக டைப் செய்ததைக் காஞ்சி எழுத்தாக மாற்ற ஒன்று (ஹென்கான்), மாற்றாமல் விட ஒன்று (முஹென்கான்), கானா எழுத்துக்கு மாற ஒன்று. ஆங்கிலக்காரருக்கு இந்த வேலைகள் எதுவும் தேவையில்லை. ஆகவே மூன்றும் சும்மா கிடக்கும். முஹென்கானை பேக்ஸ்பேஸ் ஆக்கலாம், ஹென்கானை என்டர் ஆக்கலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ், மேக்கில் கரபினர் போன்ற இலவச மென்பொருள்களில் இது சில நிமிட வேலை. தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி டைப் செய்பவர் மூன்றாவதை மொழி மாற்றும் விசையாக வைத்துக்கொள்ளலாம்.

"அதெல்லாம் சரி, குறிகள் எல்லாம் இடம் மாறி இருக்கின்றனவே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான பயம். ஜப்பானிய அமைப்பில் ஷிஃப்ட்டோடு 2 தட்டினால் @ வராது, இரட்டை மேற்கோள் வரும். @ குறிக்குத் தனி விசை. ஆனால் இது ஏனோதானோவென்று வைத்ததல்ல. ஆஸ்கி பட்டியலில் 2-ன் எண் 50, இரட்டை மேற்கோளின் எண் 34. வித்தியாசம் 16. அதேபோல் 6-ன் எண் 54, & குறியின் எண் 38. அதே 16. அந்தக்கால டெலிடைப் இயந்திரங்களில் ஷிஃப்ட் செய்த வேலை ஒரே ஒரு பிட்டை மாற்றுவதுதான். ஜப்பான் அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டது. அமெரிக்காவோ பிறகு ஐபிஎம் மின் தட்டச்சுப்பொறியின் வழக்கத்துக்குப் போய்விட்டது. சரியாகப் பார்த்தால் தர்க்கம் ஜப்பான் பக்கம்தான்.

ஆனால் தர்க்கத்தை வைத்துக்கொண்டு டைப் செய்ய முடியாது. விரல்களின் பழக்கம் ஒரு மூலதனம், பல வருடம் போட்டுச் சேர்த்தது. க்வெர்ட்டி அமைப்பு ஏன் மாறவில்லை என்பதைப் பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1985-ல் ஒரு கட்டுரையில் அலசினார். முதலில் பிடித்துக்கொண்ட வழக்கத்தை, அதைவிட நல்லது இருந்தாலும், விட முடியாமல் போகிறது என்றார். இல்லவே இல்லை, அந்த மாற்று அமைப்பு அப்படியொன்றும் உசத்தி அல்ல என்று லீபோவிட்ஸும் மார்கோலிஸும் 1990-ல் மறுத்தார்கள். யார் சரியோ, பழகியதை மாற்றுவதற்கு ஒரு செலவு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

நல்லவேளை, அந்தச் செலவின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். கணினியில் அமெரிக்க அமைப்பையே வைத்துக்கொண்டால் போதும். எழுத்துகள் எப்படியும் க்வெர்ட்டியில் இருக்கும் அதே இடம்தான். குறிகளும் விரல் பழகிய இடத்திலேயே வரும். விசைமேல் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் வருவது இன்னொன்று, அவ்வளவுதான். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பவருக்கு அச்சு ஒரு அலங்காரம். பார்த்துப் பார்த்து அடிப்பவருக்கு மட்டும் இது நரகம்.

தவிர்க்க முடியாத செலவு ஒன்று பாக்கி. அது வலது சுண்டுவிரல் கணக்கில் எழுதப்படும். ஜப்பானிய அமைப்பில் என்டரும் பேக்ஸ்பேஸும் ஒரு விசை தள்ளிப் போய்விடும். முதல் சில நாள் என்டர் தட்டும் இடத்தில் எல்லாம் பின்சாய்வுக் கோடு விழும். பரிகாரம் உண்டு. என்டர் பழைய இடத்தில் இருக்கும் விசையை இன்னொரு என்டர் ஆக்கி, யென் விசையை இன்னொரு பேக்ஸ்பேஸ் ஆக்கி, ஷிஃப்ட் அருகில் சும்மா இருப்பதைப் பின்சாய்வுக் கோட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

அப்படியானால் எல்லோரும் வாங்கலாமா? கூடாது. எண்களிலேயே வாழ்பவர்களுக்கு எந்தக் குட்டி கீபோர்டும் ஆகாது. டேலியில் பேமென்ட்டுக்கு எஃப் 5, ரசீதுக்கு எஃப் 6, விற்பனைக்கு எஃப் 8 என்று நாள் முழுக்கத் தட்டுபவர், ஒவ்வொரு முறையும் எஃப்என் சேர்த்துத் தட்டினால் மாலைக்குள் கீபோர்டை ஜன்னல் வழியே எறிந்துவிடுவார். காமர்ஸ் படிப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். அடுத்து, கல்லூரி லேப், அலுவலகம் போன்ற இடங்களில் மென்பொருள் நிறுவ அனுமதி இருக்காது. அங்கே கொண்டுபோகிறவர், விசை மாற்றங்களைத் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும் கீபோர்டாகப் பார்த்து வாங்குவதே நல்லது. உதிரி விசை மூடிகளும் சிரமம். சந்தையில் கிடைக்கும் அழகான செட்டுகள் பெரும்பாலும் நீண்ட ஸ்பேஸ் பாருக்கானவை.

இன்னொரு எச்சரிக்கை, நிறுவனங்கள் நிரந்தரமில்லை. ஃபில்கோ பெயரில் மினிலா என்ற அருமையான குட்டி கீபோர்டை, செர்ரி நிறுவனத்தின் விசைகளோடு விற்றுவந்த ஜப்பானின் டயாடெக், 2024 ஏப்ரலில் கடையை மூடிவிட்டது. வாங்குவதற்கு முன், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடா சொன்ன ஒரு உவமை ரசிகர்களிடையே பிரபலம். குதிரை செத்துப்போனால் கௌபாய் அதை விட்டுவிட்டு நடப்பானாம், சேணத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு. கணினி குதிரை, கீபோர்டு சேணம். தேய்மானக் கணக்குப் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். நாலைந்து வருடத்தில் மதிப்பிழக்கும் கணினிக்கு அரை லட்சம் கொடுப்பவர்கள், அதற்குப் பிறகும் பல வருடம் விரல் படப்போகும் பொருளை இலவச இணைப்பாக வாங்கிக்கொள்கிறார்கள்.

முப்பதாயிரம் யென்னுக்கு மேல் கொட்டித்தான் இதைச் சோதிக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானிய அமைப்பில் சாதாரண கீபோர்டு ஒன்று மலிவாகக் கிடைத்தால், கட்டைவிரலுக்கு இரண்டு வேலை கொடுத்து இரண்டு வாரம் அடித்துப் பார்க்கலாம். சுண்டுவிரல் நன்றி சொன்னால் அதன் பிறகு பர்ஸைத் திறக்கலாம். சொல்லாவிட்டால் மேஜையில் அழகாக இருக்கும், பந்தாவுக்கு :-)