கம்பத்தில் ஏறுபவரும் கீழே நிற்கும் நாமும்

மின்சாரம் நின்றால் விசைத்தறி ஓய்கிறது. தோட்டத்தில் மோட்டாரும் ஓய்கிறது. உடனே லைன்மேனைத் தேடுகிறோம். அவரே மின்சாரம் தாக்கி மாண்டால், “அஜாக்கிரதை” என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்து விடுகிறோம். இத்தீர்ப்பு நியாயமன்று என்பது என் கருத்து.

கம்பத்தில் ஏறுமுன் லைனைத் துண்டிக்க வேண்டும். அனுமதி பெற வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லையெனச் சோதிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். கையுறையும் இடுப்புப் பட்டையும் அணிய வேண்டும். இவ்விதிகளை அறியாத ஊழியர் அரிது. ஆனால் இவற்றுக்கு நேரம் வேண்டும். உடன் நிற்க இன்னொருவர் வேண்டும். ஆள் பற்றாத பிரிவுகளிலோ, ஒருவரே பல ஊர்களைக் கவனிக்கிறார். இரவு கண் விழித்தவர் பகலிலும் ஏறுகிறார். கீழே பத்துப் பேர் நின்று, “இன்னுமா ஆகவில்லை?” என்று அதட்டுகிறார்கள். உறக்கமின்மையும் ஏச்சும் சேர்ந்தால், நன்கறிந்த விதியையும் மனம் தாண்டிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது, நீர் தேங்கிய வயல்களில் இரவு பகலாக உழைத்தவர்கள் இவர்களே.

அபாயம் நம் இடத்திலிருந்தும் புறப்படுகிறது. மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், நமது 230 வோல்ட் மின்சாரம் லைன் வழியே பின்னோக்கிச் செல்லும். டிரான்ஸ்பார்மர் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி 11,000 வோல்ட் கம்பியில் ஏற்றக்கூடும். ஒரு பேஸ் இல்லாத வேளையில் கண்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டினாலும், பியூஸ் பிடுங்கிய கம்பியில் மின்சாரம் திரும்ப வரும். துண்டித்த லைன் என நம்பித் தொடுபவரின் கதி என்னவாகும்?

ஆகவே அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகள் கூறுவேன். ஜெனரேட்டர் வாங்கக் கடன் கொடுக்கும் சங்கம், மாற்று சுவிட்ச் பொருத்தப்பட்டதைப் பார்த்த பின்னரே பணம் பட்டுவாடா செய்யட்டும். பேஸ் போன நேரத்தில் மோட்டாரை ஓட்டாதிருப்போம். பழுது நேர்ந்தால், சங்கம் நியமிக்கும் ஒருவர் மட்டும் பிரிவு அலுவலகத்துடன் பேசட்டும்; கம்பத்தின் மேலிருப்பவரை எவரும் அவசரப்படுத்த வேண்டாம். காலியிடங்களை நிரப்புமாறும், தனியாள் எவரையும் கம்பத்தில் ஏற்றக் கூடாதென்றும் மின்வாரிய அதிகாரிகளைக் கோரி, பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றுவோம்.

சங்கக் கணக்குகளைப் பரிசோதிப்பது என் உத்தியோகம். ஒரு மணி நேர மின்தடையால் எத்தனை முழம் துணி குறைந்தது என்று கணக்கிட்டு விடலாம். அந்த நஷ்டத்தை மறுநாள் உழைப்பில் ஈடுசெய்தும் விடலாம். கம்பத்திலிருந்து திரும்பாதவரின் குடும்பத்துக்கு அத்தகைய மறுநாள் இல்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பஞ்சாயத்தார் இதனைச் சேர்ப்பார்களாக.