சுழியத்தின் பொருள் ஏரிக்கரையில்தான் தெரியும்

சென்னையிலிருந்து சாந்த்ராகாச்சிக்கு நேரடி ரயில் உண்டு. அந்த நிலையத்துக்கு அருகிலேயே ரயில்வேக்குச் சொந்தமான ஏரி ஒன்று இருக்கிறது. ஹவுரா மாவட்டத்தின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் அதில் வந்து தங்குகின்றன. பறவை ஆர்வலர்கள் அவற்றை எண்ணி, ஈபேர்ட் போன்ற பொதுத் தரவுத்தளங்களில் பதிவிடுகிறார்கள். அந்த எண்களைத் தரவிறக்கி, ஏரியை ஒருமுறைகூடப் பாராமலே ஒரு மாணவர் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற முடியும். பல்கலைக்கழக அறிவியல் கல்வி வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான்.

ஓராண்டு எண்ணிக்கை சரிகிறது என்று கொள்வோம். மென்பொருள் கீழ்நோக்கி ஒரு கோடு வரையும். மாணவர் ‘பறவைகள் அருகிவருகின்றன’ என்று எழுதுவார். ஆனால் அந்த ஏரியின் நிலையைப் பெருமளவு தீர்மானிப்பது ஆகாயத்தாமரை. அது நீர்ப்பரப்பு முழுவதையும் மூடினால் பறவைகள் இறங்க இடமில்லை. முழுவதையும் அகற்றினால் அமர்ந்து இளைப்பாற இடமில்லை. ஆகவேதான் குளிர்காலத்துக்கு முன் அதை அகற்றும்போது திட்டுத்திட்டாகச் சிறிது விட்டுவைக்கிறார்கள். அவ்வேலை உரிய காலத்தில் நடந்ததா என்பதற்குத் தரவு அட்டவணையில் பத்தி கிடையாது.

இன்னொன்று. அங்கு மிகுதியாகக் கூடும் சீழ்க்கைச் சிறகி சைபீரியாவிலிருந்து வருவதன்று. பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே இடம் மாறும் பறவை. பகலில் நீரில் ஓய்வெடுத்து, அந்தி சாய்ந்ததும் இரைதேடப் பறந்துவிடும். காலையில் ஏரியில் எடுக்கும் கணக்கு அதன் படுக்கையறைக் கணக்கு மட்டுமே. சுற்றுவட்டார வயல்களும் குளங்களும் தூர்ந்துபோனால், ஏரியில் குறை ஏதும் இல்லாமலே ஏரியின் எண்ணிக்கை விழக்கூடும். மாலையில் கரையில் நிற்பவருக்கு இது ஐந்து நிமிடத்தில் விளங்கும்; ஐந்தாயிரம் வரி நிரலிலிருந்து விளங்காது. அட்டவணையில் ஒரு சுழியம் தென்பட்டால், பறவை வரவில்லையா, பனிமூட்டம் மறைத்ததா, எண்ணுபவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லையா என்று கேட்கவும் அவருக்குத்தான் தோன்றும்.

இந்த அறிவு கொல்கத்தாவுக்குப் புதிதன்று. 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் சாகுபடிக் கணக்கெடுப்பில், வயலுக்குச் சென்று கணக்கெடுப்பவர்களின் பிழையையே அளக்க முனைந்தார். மாதிரியைத் துணை மாதிரிகளாகப் பிரித்துத் தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைத்து, முடிவுகளை ஒப்பிட்டார். எண் எங்கே, யார் கையில் பிறக்கிறது என்ற கவலையும் அவருடைய புள்ளியியலின் ஒரு பகுதி. பின்னாளில் பொறியாளர் துருவஜோதி கோஷ், நகரின் கழிவுநீர் என்ன ஆகிறது என்று அறிய அது போகும் வழியே சென்றார். கிழக்கு விளிம்பின் மீன்பண்ணைகள் அதைத் தூய்மைப்படுத்துவதை உலகுக்கு எடுத்துக்காட்டினார். அந்த 12,500 ஹெக்டேர் ஈரநிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

கணினி ஆய்வு செலவு குறைந்தது, உடல் இயலாதவருக்கும் வாய்ப்பளிப்பது, பல நாடுகளின் தரவை ஒருசேரக் காண உதவுவது என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் செலவு குறைவு என்பதற்காகவே ஒரு துறை களப்பயணத்தைக் கைவிடும்போது, களம் வசதி படைத்த மாணவர்களின் தனிச்சொத்தாகிவிடுகிறது. ஏழை மாணவருக்கு எஞ்சுவது பிறர் எண்ணிய எண்கள். பெண்கள் களத்துக்குச் செல்வது கடினம் என்றால், பாதுகாப்பான தங்குமிடமும் துணையும் தருவது துறையின் கடமை. அவர்களைக் கணினி அறைக்குள் இருத்திவிடுவது தீர்வாகாது.

பிழை மாணவருடையதன்று, களக்குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தராத பாடத்திட்டத்துடையது. பிறர் தரவைக் கொண்டு எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும், அத்தரவு பிறந்த ஓரிடத்துக்கேனும் மாணவர் சென்றுவரத் துறை செலவு ஏற்க வேண்டும். செல்ல இயலாதவர், அங்கே எண்ணியவர்களிடம் எப்படி எண்ணினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கட்டும்: இந்த எண்ணை எண்ணியவர் எங்கே நின்றார்?